உட்பொதிந்த எழுத்துரு: நம் காலத்தின் ஏட்டுச்சுவடி

சுவடிப்பதிப்பு வரலாற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவரிடமிருந்து தவறாமல் ஒரு வினா எழும். "இருந்த நூல்கள் எப்படி ஐயா காணாமற்போயின?" கறையான், நெருப்பு, வெள்ளம், பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட வழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக அலட்சியம் என்று நாமும் வழக்கமான விடைகளை அடுக்குவோம். சென்ற ஆண்டு நேர்ந்த ஓர் அனுபவத்திற்குப் பின் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். எழுதியது எழுதியபடியே இருக்க, அதைப் படிப்பதற்குரிய திறவுகோல் மட்டும் தொலைந்துபோவதே அது. ஏட்டுக்கு நேராத இந்த அழிவு கணினிக் கோப்புக்கு நேர்கிறது.

நம் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்று, பின்னர் மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவர், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பெண்கள் பாடிய ஒப்பாரிப் பாடல்களைக் கையால் எழுதித் தொகுத்து வைத்திருந்தார். நூலாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நூலாக்கவில்லை. குறிப்பேடுகள் வீடு மாறியபோது பழைய தாள்களோடு போயின. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் பயனற்றுப்போயின. எஞ்சியது, 2009-இல் ஒரு கருத்தரங்கில் உரையாற்றுவதற்காக அவர் உருவாக்கிய பவர்பாயிண்ட் கோப்பு ஒன்றுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட படவில்லைகள். பெரும்பாலானவற்றில் பாடல்களே முழுமையாக இருந்தன. அவருடைய மகளார் அதை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து, "அப்பா நினைவு மலரில் இதைப் போட முடியுமா, பாருங்கள்" என்று கொடுத்துச் சென்றார்.

துறைக் கணினியிலிருந்த கட்டற்ற அலுவலக மென்பொருளில் அதைத் திறந்தோம். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய மொழிகளின் கொம்பு வைத்த எழுத்துகளும் நாணயக் குறிகளும் அரைப்புள்ளிகளுமாக, பொருளற்ற ஒரு சந்தை இரைச்சல் திரையில் நின்றது. இளம் நண்பர் ஒருவர், "இது பாமினியாக இருக்கும் சார்" என்று எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டுப் பார்த்தார். தமிழ் எழுத்துகள் வந்தன, தமிழ் வரவில்லை. அந்த உரையைக் கருத்தரங்கில் நேரில் கேட்டிருந்த மற்றொரு மூத்தவர், பாடல்கள் தமக்கு நினைவிருப்பதாகக் கூறி, இரண்டு நாட்கள் அமர்ந்து பத்துப் பன்னிரண்டு பாடல்களை எழுதித் தந்தார். நினைவு மலருக்கு அதுவே போதும் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

நிற்க. இவ்விடத்தில் சற்று விலகி, இந்தச் சிக்கலின் வேரைப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் எழுத்துகள் 247 என்று சிறுவயதிலேயே படிக்கிறோம். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். அவற்றிலும் முதற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியது. ஆகவே தமிழ் எழுத்துகளைத் துண்டுகளாக்கி, கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், மெய் ஓரிடம் என்று வைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்பதை எழுத்துரு செய்தவரே முடிவுசெய்தார். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கணினி நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். அந்த ஐந்தையும் 'தமிழ்' என்று காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லையேல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி மட்டுமே மிஞ்சும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. இணையத் தமிழ் ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு குறியேற்றங்கள் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் புழங்கியவை எந்தத் தரத்திற்கும் கட்டுப்படாத எழுத்துருக்கள் பல. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் முன்னர் டிஸ்கியில் இருந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாறி, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. குறியேற்றம் பலரறிய ஆவணப்படுத்தப்பட்டிருந்ததும், அதைக் கவனிக்க ஆட்கள் இருந்ததுமே காரணம். பேராசிரியரின் கோப்பிற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர் பயன்படுத்திய எழுத்துரு, அவருடைய பழைய கணினியோடு எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது.

ஒருங்குறியில் ஜகரத்துக்கு உலகெங்கும் ஒரே எண். எந்த எழுத்துருவில் காட்டினாலும் அது ஜகரமே. அங்கே எழுத்துரு உடை. மாற்றினால் உடல் மாறாது. பழைய முறையில் எழுத்துருதான் எழுத்தே. நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே: ஒருங்குறிக்கு முந்திய தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை எழுத்துருவை மீட்பது என்பது பனுவலை மீட்பதன் முதற்படி; எழுத்துருவை இழப்பது என்பது பனுவலையே இழப்பதற்கு ஒப்பு.

மீண்டும் கதைக்கு வருவோம். நண்பர் ஒருவரின் வீட்டில் மைக்ரோசாஃப்டின் மூல மென்பொருள் நிறுவிய கணினியில் அதே கோப்பைத் திறந்தபோது, வியப்பு, தமிழ் பளிச்சென்று தெரிந்தது! பேராசிரியர் கோப்பைச் சேமிக்கும்போது, எழுத்துருக்களைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்கும் வசதியைத் தேர்ந்திருக்கிறார். கருத்தரங்கு நடந்த ஊரின் கணினியில் தம் எழுத்துரு இருக்குமோ இராதோ என்ற ஐயமே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியிருக்க வேண்டும். ஒரு நாளைய உரைக்காகச் செய்த முன்னெச்சரிக்கை, அவர் மறைந்த பின்னும் அவருடைய பாடல்களைக் காத்து நின்றது.

ஆனால் மகிழ்ச்சி முழுமையாக இல்லை. திரையில் தெரிந்த தமிழைப் படியெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் மறுபடியும் அதே இரைச்சல்தான். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, சொல்லடைவு செய்ய முடியாது. அந்த ஒரு மென்பொருளுக்குள் அடைபட்டிருக்கும் வரைதான் அது தமிழ். "அதனால் என்ன? திரையைப் படமெடுத்து அச்சடித்துவிடலாமே" என்றார்கள் நண்பர்கள். அது பாதுகாப்பு ஆகாது என்பது நம் எண்ணம். படம் பார்ப்பதற்கு உதவும், ஆய்வதற்கு உதவாது. உட்பொதிந்த எழுத்துருவை வெளியே எடுத்தே தீர்வது என்று உட்கார்ந்தோம்.

கணினித்துறை நண்பரின் துணையோடு நாம் கற்றுக்கொண்ட வழியை, தமிழாசிரியர்களுக்கும் விளங்கும் வகையில் சுருங்கச் சொல்கிறோம். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் உருவாக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு, உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் படி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றினால் பொட்டலம் பிரிந்துவிடும். உள்ளே பிபிடி என்ற உறையும், அதனுள் ஃபான்ட்ஸ் என்ற உறையும் இருக்கும். எழுத்துருக்கள் அங்கே எஃப்என்டிடேட்டா என்னும் பின்னொட்டோடு வரிசை எண் பெற்று நிற்கும். எந்த எண் எந்த எழுத்துருவுக்கு உரியது, அது சாதாரண வடிவா தடித்த வடிவா என்பதைப் பொட்டலத்திலிருக்கும் பிரசன்டேஷன் என்ற எக்ஸ்எம்எல் கோப்பும், அதன் தொடர்புக் கோப்பும் சேர்ந்து சொல்லும்.

அந்த எழுத்துருக் கோப்பை அப்படியே நிறுவ முடியாது. அது ஈஓடி என்னும் வடிவில் சுற்றிவைக்கப்பட்டிருப்பது. இந்த வடிவம் இணைய வாசகர்களுக்கு ஒரு வகையில் பழைய நண்பன்தான். ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் நாளிதழ்த் தளங்கள் பல 'இயங்கு எழுத்துரு' என்ற பெயரில் பக்கத்தோடு சேர்த்து இறக்கித் தந்தது இதைத்தான். உள்ளிருக்கும் எழுத்துரு பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒவ்வொரு பைட்டும் 80 என்னும் எண்ணோடு கலந்து மறைக்கப்பட்டும் இருக்கும். மறைப்பு என்றால் பெரிய பூட்டு ஒன்றுமில்லை. வாசற்கதவைச் சாத்தி வைத்தது போன்றதுதான். 2008-இல் இவ்வடிவத்தின் விவரங்கள் டபிள்யூ3சி அமைப்பிடம் அளிக்கப்பட்டு வெளியானதால், அதைப் பிரித்துத் தரும் லிப்ஈஓடி என்ற கட்டற்ற மென்பொருளைப் பிறர் எழுத முடிந்தது. அதைக்கொண்டு பிரித்தோம். வழக்கமான டிடிஎஃப் எழுத்துரு ஒன்று கைக்கு வந்தது.

ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் கட்டற்ற மென்பொருளில் அதைத் திறந்தபோது, கட்டம் கட்டமாகத் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. எந்த எண்ணில் எந்த வடிவம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனோம். அந்த அட்டவணைதான் திறவுகோல். பிறகு அதை வைத்து உரையை ஒருங்குறிக்கு மாற்றும் சிறு நிரலை நண்பர் எழுதினார். நேரடியாக எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாக நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வரும். வரிசையை மாற்றியடுக்க வேண்டும். 'ளகர'மா, ஔகாரத்தின் பிற்பகுதியா என்ற ஐயமும் வரும். ஏடு படிப்பவருக்கு இது புதிதன்று. மெய்க்குப் புள்ளியிட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியோர் புள்ளியிடாமலே எழுதினர். எகர ஏகார வேறுபாடு காட்டாத ஏடுகளையும், காலும் ரகரமும் ஒன்றாய்த் தோன்றும் ஏடுகளையும் சொற்பொருள் நோக்கித்தான் உ. வே. சாமிநாதையர் போன்றோர் பிரித்துப் படித்தனர். 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பின் பின்னே எத்தனை ஏடுகளின் ஒப்புநோக்கு இருக்கிறது என்பதைப் பாடம் நடத்துகிற நாம், ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றதும் கைவிட்டுவிட எண்ணியது நாணத்திற்குரியது.

எழுத்துருக் கட்டங்களில் ஒரு புதுமையைக் கண்டோம். பல கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கோப்பின் அளவு பெருகாதிருக்க, உரையில் வந்த எழுத்துகளை மட்டும் பொதிக்கும் வசதி ஒன்றுண்டு. பேராசிரியர் அதைத் தேர்ந்திருக்கிறார். அவர் எழுதாத ஔகாரம் அங்கே இல்லை. ஙகர வரிசையில் 'ங்' தவிர வேறெதுவும் இல்லை. ஜகரமும் இல்லை.

ஜகரம் இல்லை என்றதும் நினைவு மலருக்கு எழுதித் தந்த மூத்தவரின் தாளை எடுத்துப் பார்த்தோம். இறந்த கணவனை விளித்துப் பாடும் இடங்களிலெல்லாம் அவர் 'ராஜா' என்றே எழுதியிருந்தார். கோப்பிலோ ஓரிடம் தவறாமல் 'ராசா'. மூத்தவரிடம் பணிவாகக் காட்டினோம். அவர் எளிதில் விடுபவர் அல்லர். "அந்த எழுத்துருவிலேயே ஜ இல்லாமல் இருந்திருக்கலாம், வேறு வழியின்றி ச போட்டிருப்பார்" என்றார். நல்ல மறுப்பு. உரையில் வந்த எழுத்துகள் மட்டுமே பொதிந்த எழுத்துருவைக்கொண்டு, மூல எழுத்துருவில் என்னென்ன இருந்தன என்று முடிவுகட்ட இயலாது. மீண்டும் கட்டங்களை ஆராய்ந்தபோது ஷகரம் இருந்தது. முன்னுரைப் படவில்லையில் 'விஷயம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். ஷகரத்தைத் தந்த எழுத்துருக்காரர் ஜகரத்தைத் தராமல் விட்டிருப்பார் என்பது நம்புதற்கரியது. ஆகவே, ஜகரம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் அவர் 'ராசா' என்று எழுதியிருக்கிறார் என்று கொள்வதே பொருந்தும். பாடிய பெண்களின் வாயில் எது வந்ததோ அதையே எழுதினார். மூத்தவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவர் அப்படித்தான். ஒரு எழுத்தைத் திருத்த விடமாட்டார்" என்று சொல்லித் தம் தாளைத் தாமே மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரே ஓர் எழுத்துதானே என்று சிலர் கேட்கக்கூடும். நாட்டார் வழக்காற்றைத் தொகுப்பவர் காப்பாற்ற வேண்டிய உடைமையே அந்த ஓர் எழுத்துதான். படித்தவன் காதுக்கு ஏற்பத் திருத்திய பாடல், பாடியவளின் பாடல் ஆகாது. நினைவிலிருந்து மீட்டதும், எழுத்துருவிலிருந்து மீட்டதும் வேறுபட்ட இடத்தில், எழுத்துருவே சான்றாக நின்றது.

இனி, இம்முயற்சிக்கு எதிராக நம்மிடம் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

ஒன்று, "மாற்றிகள் இருக்கும்போது எழுத்துருவைத் தோண்டுவானேன்?" என்பது. பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. அதை மறுப்பார் இல்லை. ஆனால் மாற்றி என்பது, இன்ன எழுத்துரு என்று நாம் சொன்னதை நம்பி வேலை செய்வது. பெயர் தெரிந்த குறியேற்றங்களுக்கு அது போதும். பெயரே தெரியாத எழுத்துருவுக்கு, எந்த எண் எந்த வடிவம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த எழுத்துருதான். ஊகித்து மாற்றினால், பாமினி என்று எண்ணி நாம் மாற்றியபோது வந்தது போன்ற தமிழல்லாத தமிழே வரும். அதைவிடத் தீங்கானது, பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வருவது. தவறு இருப்பதே அப்போது தெரியாது.

மற்றொன்று கனமானது. "பிறர் உழைத்துச் செய்த எழுத்துருவைக் கோப்பிலிருந்து உருவியெடுப்பது திருட்டு அல்லவா?" என்றார் அச்சகம் நடத்தும் நண்பர். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு மனமில்லை. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் பலர் சிறிய அளவில் தொழில் நடத்தியவர்கள். அவர்களுடைய எழுத்துருக்களை விலை கொடாமல் படியெடுத்து வழங்கிய பாவத்தில் தமிழ் எழுத்துலகத்திற்குப் பங்குண்டு. எழுத்துருவினுள்ளேயே அதைப் பொதிப்பதற்கான இசைவுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. பொதிக்கவே கூடாது, காணவும் அச்சிடவும் மட்டும், திருத்தவும் ஆகும், நிறுவிக்கொள்ளவும் ஆகும் என்று அதில் படிநிலைகள் உண்டு. மீட்ட எழுத்துருவைக் கணினியில் நிறுவிப் புதிய நூல்கள் அச்சிடுவதும், நண்பர்களுக்கு வழங்குவதும் தவறு. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. நாம் செய்ததோ, எந்த எண்ணில் எந்த எழுத்து என்று பார்த்து எழுதிக்கொண்டது. அட்டவணை கிடைத்த பின் நமக்கு அந்த எழுத்துருவின் அழகு தேவைப்படவில்லை. பேராசிரியரின் சொற்களே தேவைப்பட்டன. படிப்பதற்காக மீட்பது வேறு, பயன்படுத்துவதற்காகப் பறிப்பது வேறு. மேலும், ஔகாரமும் ஜகரமும் இல்லாத குறையெழுத்துருவை வைத்துக்கொண்டு எவரும் கடை திறக்க முடியாது.

தமிழ்த்துறைகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். 1990-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 2010 வரை நாம் எழுதிய கருத்தரங்க உரைகள், கள ஆய்வுத் தரவுகள், ஆய்வேடுகள் எத்தனையோ குறுந்தகடுகளிலும் பென்டிரைவுகளிலும் உறங்குகின்றன. எழுதியவர்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றைத் திறந்து, தமிழ் தெரியவில்லை என்றதும் அழித்துவிடாதீர்கள். உள்ளே எழுத்துரு பொதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேர்டு கோப்புகளிலும் இவ்வசதி உண்டு. டாக்எக்ஸ் வடிவில் எழுத்துருவின் முதல் 32 பைட்டுகளை மட்டும் கலைத்து வைத்திருப்பார்கள். பிடிஎஃப் கோப்புகளிலும் எழுத்துரு பொதிந்திருப்பதே பெருவழக்கு. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படியில் வேலை செய்யுங்கள். மீட்ட எழுத்துருவையும், எழுத்து அட்டவணையையும், ஒருங்குறி வடிவத்தையும் மூலத்தோடு ஒரே உறையில் வையுங்கள். மாற்றிய உரையைத் திரையில் தெரியும் மூலத்தோடு ஒருவர் படிக்க ஒருவர் ஒப்புநோக்குங்கள். நாளை ஐயம் எழுந்தால், திரும்பிச் சென்று பார்க்க மூலம் இருக்க வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு காட்டியது இதற்காகத்தான்.

நினைவு மலர் வெளிவந்துவிட்டது. பாடல்கள் முழுவதும், அவர் எழுதியபடியே, ஒருங்குறியில் அச்சாயின. மலரைப் பெற்றுக்கொண்ட மகளார் ஒரு பக்கத்தைப் புரட்டி வாய்விட்டுப் படித்தார். 'ராசா' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "எங்கள் அப்பத்தா இப்படித்தான் சொல்லும்" என்றார்.